தோணிக்கு ஒரு பெர்மிட்

எங்கள் வீட்டில் ‘பெர்மிட்’ என்றால் ஒரே அர்த்தம்தான். மதுவிலக்கு இருந்த அறுபதுகளில், குடிக்காவிட்டால் இவருக்கு உயிர் தரிக்காது என்று டாக்டரிடம் சர்டிபிகேட் வாங்கி, அதைக் காட்டி சர்க்காரிடம் பாட்டிலுக்குப் பெறுகிற அனுமதி. என் சித்தப்பாவிடம் அது இருந்தது. அந்தப் பாட்டில் போதாமல் கள்ளச்சாராயத்துக்கும் போய், வயிறு வீங்கிச் செத்தார். அவரைக் குளிப்பாட்டிச் சுடுகாட்டுக்குத் தூக்கிக்கொண்டுபோய் வைத்தவர் என் அப்பா. அன்றிலிருந்து அந்தச் சொல்லைக் கேட்டாலே அப்பாவுக்கு முகம் கறுத்துவிடும்.

புதுவயலுக்குப் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. நான் காரைக்குடியில் ஒரு பெண்கள் பள்ளியில் டீச்சர். எனக்குப் பேசி முடித்திருந்த மாப்பிள்ளை திருப்பத்தூர்க்காரர். காரைக்குடிக் கல்லூரி ஒன்றில் தாவரவியல் லேப் வேலை. தாம்பூலம் மாற்றியாயிற்று, தையில் கல்யாணம். அவருடைய தங்கையும் என் பள்ளியிலேயே டீச்சர். நிச்சயமான மறுநாளே ‘டீச்சர்’ போய் ‘அண்ணி’ வந்துவிட்டது அவள் வாயில். நானும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

அவருக்கு ஒரு கிறுக்கு இருந்தது. தேனிக்கு அந்தப் பக்கம் மலைக்குள் ஒரு ஏரி. ஒற்றை மரத்தைக் குடைந்த தோணியில் அதன் உள்கோடிவரை துடுப்புப் போட்டுப் போய், கரையில் மூன்று ராத்திரி தங்கி, மரங்களைப் பார்த்துவிட்டு வரவேண்டும். இரண்டு வருடமாகக் கேட்டும் வன இலாகாவில் விடவில்லை. தனி ஆளுக்கு அனுமதி கிடையாதாம். கூட வேலை பார்ப்பவர்களைக் கூப்பிட்டால் யானை என்றதும் கழன்றுகொண்டார்கள். “தை பொறந்தா நாங்க ரெண்டு பேரு. அப்ப எப்புடி மாட்டேன்னு சொல்லுவாக?” என்று தங்கையிடம் சொன்னாராம். அவள் அதை அப்படியே என்னிடம் வந்து ஒப்பித்தாள்.

நான் அவரிடம் நேரில் பேசியது மொத்தமாக நாலு வார்த்தை இருக்காது. ஆனால் அந்தப் பயணத்தை நாங்கள் இருவரும் சேர்ந்துதான் திட்டம் போட்டோம், நடுவில் அவளை வைத்துக்கொண்டு. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் வகுப்பறைச் சுவரில் தொங்கிய மாகாண வரைபடத்தில் அந்த ஏரியைத் தேடினோம். அது அச்சில் ஒரு நீலப் பொட்டு. அவர் கேட்டனுப்புவார்: மூன்று நாளைக்குக் கெடாத சாப்பாடு எது? நான் சொல்லியனுப்புவேன்: நல்லெண்ணெய் தாராளமாக விட்ட புளிச்சோறு இரண்டு நாள் தாங்கும், மூன்றாம் நாளைக்குப் பொரிஅரிசி மாவும் வெல்லமும். கூடாரத்துக்கு என்ன செய்வது? புதுவயல் மில்லில் லாரிக்குப் போடுகிற பழைய தார்ப்பாய் கிடைக்கும். எனக்கு நீச்சல் தெரியாதே என்று கேட்டனுப்பினேன். “தோணிக்குத் தெரியுமே” என்று பதில் வந்தது. யானை வந்தால்? “ஆனைக்கு மட்டுந்தான் பெர்மிட் வேணாமாம்.” அன்று சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு நான் சிரித்த சிரிப்பில் பக்கத்து வகுப்புப் பிள்ளைகள் எட்டிப் பார்த்தார்கள். என் வாழ்க்கையில் நான் சந்தோஷமாக இருந்த மாதங்கள் அவை. இதைச் சொல்ல எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை.

காட்டுக்குள் தங்க ஒரு பெர்மிட், தண்ணீரில் இறங்க ஒரு பெர்மிட். இரண்டுக்கும் சேர்த்து உடம்பு திடமாக இருக்கிறது என்று டாக்டர் சர்டிபிகேட் வேண்டும். அவர் கல்லூரிக்கு லீவு போட்டுவிட்டு அதை வாங்கினார். மதுரை ஆபீசில் கொடுப்பதற்காகக் காரைக்குடி பஸ் ஸ்டாண்டில் நின்றபோது, அப்பாவுக்குத் தெரிந்த நெல் தரகர் ஒருவர் அவரைப் பார்த்துவிட்டார்.

“எங்குட்டு மாப்ள கெளம்பிட்டீக?”

“மதுரைக்கு. ஒரு பெர்மிட் விஷயமா. டாக்டர் சர்டிபிகேட்டெல்லாம் வாங்கியாச்சு.”

அதற்கு மேல் அவர் விளக்கவில்லை. எப்படி விளக்குவார்? இன்னும் தாலி ஏறாத பெண்ணை, கல்யாணம் முடிந்ததும் மூன்று ராத்திரி தனியாகக் காட்டுக்குக் கூட்டிப்போக அனுமதி வாங்கப் போகிறேன் என்று பஸ் ஸ்டாண்டில் எந்த ஆண் சொல்லுவான்? கூச்சப்பட்டுச் சிரித்திருக்கிறார். அந்தச் சிரிப்பையும் சேர்த்துத்தான் தரகர் எங்கள் வீட்டில் கொண்டுவந்து இறக்கினார்.

அப்பா ஒரு கேள்வியும் கேட்கவில்லை. டாக்டர், சர்டிபிகேட், மதுரை, பெர்மிட். தம்பியோடு கூடவே அலைந்து அலைந்து அவருக்குப் பழகிய வழிதான் இது. தரகர் போனதும் அம்மாவைக் கூப்பிட்டு, “தாம்பூலத்தைத் திருப்பிக் குடுத்துறலாம். இன்னொரு பொணத்த என்னால குளிப்பாட்ட முடியாது” என்றார்.

நான் அடுப்படியிலிருந்து வெளியே வந்தேன்.

“அது குடிக்கிற பெர்மிட் இல்லப்பா. தோணிக்கு.”

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். முதலில் அந்த முகத்தில் நிம்மதிதான் வந்தது, நான் பார்த்தேன். பிறகு அது போய்விட்டது.

“ஒனக்கு எப்புடித் தெரியும்?”

“அவுக தங்கச்சி சொன்னா.”

“என்னன்னு சொன்னா?”

பொய் சொல்லியிருக்கலாம். உண்மை காப்பாற்றும் என்று நம்புகிற வயது. கல்யாணம் முடிந்ததும் நாங்கள் இருவரும் தோணியில் போகப் போகிறோம், காட்டுக்குள் மூன்று ராத்திரி, சாப்பாடுகூட முடிவாகிவிட்டது என்று எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“குடிகாரன்னாக்கூடத் திருத்திப்புடலாம்” என்றார் அப்பா. “இது என்ன கிறுக்கு? புதுப் பொண்ண ஆனைக்கு மத்தியில கொண்டுபோயி வைக்கிறவன் என்ன ஆளு? அதுக்கு நீயும் இங்குட்டு உக்காந்து சோறு கட்டுற கணக்குப் போட்டிருக்க.”

அவ்வளவுதான். தாம்பூலம் திரும்பிப் போயிற்று. தரகர் வாயால் ஊருக்குள் குடிகார மாப்பிள்ளை என்று அவருக்குப் பேர். கல்யாணத்துக்கு முன்னாலேயே பேசிப் பழகினவள் என்று எனக்கு. பின்னால் வந்த வரன்கள் எல்லாம் இந்தப் பேச்சைக் கேட்டுவிட்டுப் பாதியிலேயே திரும்பின.

மாசியில் ஒருநாள் மத்தியானம் அவர் தங்கை என் மேஜைக்கு வந்து நின்றாள். நின்றுகொண்டே இருந்தாள்.

“டீச்சர்” என்றாள். “அண்ணனுக்குப் பெர்மிட் வந்துருச்சு. ரெண்டு ஆளுக்கு.”

“போகட்டுமே” என்றேன்.

“தனி ஆளு போகக் கூடாதுல்ல.”

எனக்கு அப்பா மேல் வந்த ஆத்திரத்தைவிட அந்த ‘டீச்சர்’ என்ற சொல் மேல் வந்த ஆத்திரம்தான் அதிகம். அவள் என்ன செய்வாள், பாவம். அடுத்த வருடம் வேறு ஊருக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

எழுபதுகளின் தொடக்கத்தில் மதுக்கடைகளைத் திறந்தார்கள். நான் அப்போதும் அந்த வீட்டில்தான் இருந்தேன். காலையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த அப்பா இலைக்கு முன்னால் வந்து உட்கார்ந்தார்.

“கடையத் தொறந்துட்டாக. இனிமே எவனுக்கும் பெர்மிட் வேண்டியதில்ல” என்றார் கசப்பாக.

“தோணிக்கு வேணும்ப்பா” என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். “எந்தத் தோணிக்கு?”

நடிக்கவில்லை. நிஜமாகவே அவருக்கு ஞாபகமில்லை. நான் குழம்பை ஊற்றிவிட்டு, இன்னும் கொஞ்சம் சோறு வைக்கட்டுமா என்று கேட்டேன்.