நாலு பவுண்டு பூஸ்ட்

1943இல், ஜப்பானியர் பிடித்திருந்த செலேத்தார் விமானத் தளத்தில் தியாகராசாவுக்கு ஒரே வேலைதான். ஆங்கிலேயர் விட்டுப்போன விமானங்களின் பூஸ்ட் கட்டுப்பாட்டுப் பெட்டிகளை ஜப்பானியருக்காகச் சரிசெய்வது. விடிந்ததும் சிராங்கூன் சாலை முனைக்கு லாரி வரும். ஏறாமல் இருக்க முடியாது.

சூப்பர்சார்ஜர் என்பது எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கும் விசிறி. அது கூட்டும் அழுத்தம்தான் பூஸ்ட். உயரத்தில் காற்று மெலிந்திருப்பதால் அங்கே அது தேவை. தரையில் அதே அளவு திணித்தால் எஞ்சின் தாங்காது. அதனால் பெட்டிக்குள் ஒரு மெல்லிய பித்தளைச் சிமிழ் வைத்திருப்பார்கள். உள்ளே காற்றை உறிஞ்சி எடுத்து மூடியது. எஞ்சினுக்குப் போகும் காற்றின் அழுத்தம் ஏறினால் சிமிழ் நசுங்கும். அது நசுங்கினால் எண்ணெய் வால்வு நகர்ந்து, காற்று நுழையும் கதவைச் சற்றே சாத்தும். சிமிழ் கசிந்து உள்ளே காற்றுப் புகுந்துவிட்டால் நசுங்காது, கதவும் சாத்தாது.

அன்று சோதனை ஓட்டத்தில் அழுத்தமானியின் முள், ஜப்பானியரின் பாதரச அளவில், இருநூற்றேழு மில்லிமீட்டரில் நிற்க வேண்டும். நானூற்றுக்குப் போனது. தியாகராசா அணைப்பதற்குள் ஒரு பிஸ்டன் உடைந்தது.

சார்ஜென்ட் இவாசாகி பெட்டியைக் கழற்றச் சொன்னார். கழற்றும்போதே பூஸ்ட் அளவை நிர்ணயிக்கும் திருகு தளர்ந்துவிட்டது. தியாகராசா அதை எந்த அளவில் வைத்திருந்தார் என்று இனி யாராலும் சொல்ல முடியாது. சோதிக்க மிஞ்சியது சிமிழ். அதற்கு ஈயம் ஊற்றி மூடியவர், கூட வேலை செய்த ரவூப். காய்ச்சலோடு செய்த வேலை. போன மாதம் பக்கத்துக் கொட்டகையில் ஒருவர் பற்றவைத்த இணைப்பு விட்டுப்போனது. நாசவேலை என்று அவரை லாரியில் ஏற்றினார்கள். அவர் திரும்பவில்லை.

சிமிழைக் கொதிநீரில் அமிழ்த்தினால் போதும். ஓட்டை இருந்தால், உள்ளே புகுந்த காற்று சூட்டில் விரிந்து குமிழியாய் வரும். இவாசாகிக்கும் அது தெரியும். தியாகராசா இடுக்கியைத் தேடவில்லை. கையாலேயே அமிழ்த்தினார், பெருவிரலை ரவூப்பின் ஈயத்தின்மேல் அழுத்தி. முப்பது எண்ணினார். இவாசாகி தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். குமிழி வரவில்லை.

சிமிழ் நல்லது, பிழை தன்னுடையது என்று தியாகராசா அரைகுறை ஜப்பானிய மொழியில் சொன்னார். ஆங்கிலேயரின் நாலு பவுண்டை மில்லிமீட்டராக மாற்றும்போது இரட்டித்துவிட்டாராம். கணக்குப் பிழைக்கு லாரி வராது என்று நம்பினார். வரவில்லை. அறைதான் விழுந்தது, இடது காதோடு சேர்த்து, பல தடவை. மறுநாளிலிருந்து ஓடுபாதையில் கல் சுமக்க வேண்டும்.

திரும்பும் லாரியில் ரவூப் அவர் கையைப் பார்த்தார்.

"அண்ணே, பைத்தியமா உங்களுக்கு? தோலே உரிஞ்சு போச்சு லா!"

"தோல் வளரும். நீர் இனியாவது ஈயத்தை ஒழுங்காய் ஊத்தும்."

"காய்ச்சல்ண்ணே…"

"என்ன சொல்லுறீர்? இந்தப் பக்கம் வந்து சொல்லும். அந்தக் காது கேக்குதில்லை."

ரவூப் எழுந்து வலப்பக்கம் வந்து உட்கார்ந்தார். அந்தக் காது பிறகும் கேட்கவில்லை. முப்பத்தோரு வருடம், இருவரும் சேர்ந்து நடந்தபோதெல்லாம் ரவூப் வலப்பக்கமாகவே நடந்தார். தியாகராசாவின் பாடையோடும் அப்படித்தான் நடந்தார்.