காது மாஸ்டரின் கண்

அந்தக் காபிக் கடையில் மாஸ்டருக்குப் பெயர் காது. பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு உண்டு. அது அடையாள அட்டையோடு சரி. தெருவுக்கே அவர் காது மாஸ்டர்தான்.

காரணம் இதுதான். கடையில் இருக்கிற காபி மெஷினில் ஒரு பொட்டு அளவு விளக்கு உண்டு. சூடேறிக்கொண்டிருந்தால் சிவப்பு, தயாரானால் பச்சை. மற்ற கடைகளில் வேலை பார்க்கிறவர்கள் விளக்கைப் பார்த்துத்தான் கைப்பிடியை இழுப்பார்கள். நம் மாஸ்டர் விளக்கின் பக்கம் திரும்பவே மாட்டார். ஆறடி இரண்டு அங்குல உடம்பைக் கொஞ்சம் வளைத்து, தலையை இடப்பக்கம் சாய்த்து, மெஷின் வயிற்றுக்குள் யாரோ ரகசியம் பேசுவதைக் கேட்கிற மாதிரி நிற்பார். பிறகு, "ம்... வந்துடுச்சு" என்று இழுப்பார். வரும் பாருங்கள் ஒரு காபி!

பன்னிரண்டு வருடமாக இந்த வித்தையைப் பார்க்கவே வெளியிலிருந்து விருந்தாளிகளைக் கூட்டிக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. "பாத்தியா, கண்ணே தேவையில்ல அவருக்கு" என்று காதைக் கடிப்பார்கள். மாஸ்டரும் மறுத்ததில்லை. மறுத்தால் உண்மையைச் சொல்ல வேண்டி வருமே.

உண்மை என்னவென்றால், அவருக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்றாகத்தான் தெரியும்.

இருபத்திரண்டு வயதில் ரயில் ஓட்டுகிற வேலைக்கு மனுப் போட்டார். எழுத்துத் தேர்வு எல்லாம் தாண்டியாயிற்று. கடைசியில் டாக்டர் ஒரு புத்தகத்தைத் திறந்து, பக்கம் முழுக்கப் புள்ளி புள்ளியாக இருந்ததைக் காட்டி, "என்ன தெரியுது?" என்றார். இவர் நன்றாகக் குனிந்து பார்த்துவிட்டு, "அழகா இருக்கு டாக்டர், யார் வரைஞ்சது?" என்று கேட்டார். அந்தப் புள்ளிகளுக்குள் ஒரு பெரிய எட்டு இருந்ததாம். ரயில் அன்றோடு போயிற்று.

வீட்டில் வந்து, "உயரம் ஜாஸ்தியாம். இன்ஜினுக்குள்ள தலை இடிக்குமாம்" என்றார். வீடே நம்பியது. அவர் அம்மா இன்ஜின் செய்தவனை ஒரு வாரம் திட்டித் தீர்த்தாள். நம்பாத ஒரே ஆள் தங்கச்சி. சின்ன வயதில் அண்ணன் வரைந்த மரங்களில் எல்லாம் இலை சிவப்பாக இருந்ததைப் பார்த்தவள் அவள். இன்று அவள் தையல்காரி. அண்ணனுக்குச் சட்டை தைத்தால் காலருக்கு உள்ளே நூலில் முடிச்சுப் போட்டுத் தருவாள். ஒரு முடிச்சு பச்சை, இரண்டு முடிச்சு சிவப்பு. மாஸ்டர் காலையில் பீரோவுக்குள் கையை விட்டுக் காலரைத் தடவித்தான் சட்டை எடுப்பார். கட்டின புருஷனுக்குக்கூட அவள் இதைச் சொன்னதில்லை.

அந்தப் புருஷனைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கல்யாண வீடியோ எடுக்கிறவர். ஊரில் அவருக்குப் பெயர் 'சிரிங்க'. பதினெட்டு வருடமாகக் கேமராவைத் தோளில் வைத்துக்கொண்டு, "சிரிங்க, சிரிங்க, இன்னும் கொஞ்சம் சிரிங்க" என்று கத்திக் கத்தி, அவர் தூக்கத்தில் அதைத்தான் உளறுவார் என்று பொண்டாட்டியே சொல்லியிருக்கிறாள். நிறத்தில் அவருக்கு அடங்காத ஆசை. எடுத்த படத்தை லேப்டாப்பில் போட்டு நிறத்தை ஏற்று ஏற்று என்று ஏற்றுவார். அவர் வீடியோவில் மாப்பிள்ளைக்குக் காய்ச்சல் அடிக்கிற மாதிரி இருக்கும். கல்யாண வீட்டார் மட்டும் பூரித்துப் போவார்கள்.

ஒரு நாள் காலை பத்து மணிக்குச் சிரிங்க கடைக்குள் ஓடி வந்தார். மூச்சு வாங்குகிறது.

"மச்சான்! சினிமா மச்சான்!"

"மெதுவா மாப்ள. உக்காரு. என்ன சினிமா?"

"ஒரு டைரக்டரம்மா படம் எடுக்குறாங்க. கேமராமேன் கடைசி நேரத்துல கழண்டுக்கிட்டான். மூணு மாச வேலை. யாரோ என் நம்பரைக் குடுத்திருக்காங்க. இன்னிக்கு அஞ்சு மணிக்குள்ள ரெண்டு நிமிஷ வீடியோ அனுப்பணும். காபிக் கடை. ஒரு பொண்ணு தனியா உக்காந்திருக்கா. சோகம். கலரே இருக்கக்கூடாதாம். சாம்பல் மாதிரி, மழை வர்றதுக்கு முன்னாடி வானம் மாதிரி இருக்கணுமாம்."

"கலர் இல்லாம நீயா?"

"அதான் மச்சான் பயமா இருக்கு. ஆனா பதினெட்டு வருஷம் காத்துக்கிட்டிருந்த போன் இது. இத விட்டா நான் சாகுற வரைக்கும் சிரிங்கதான்."

மாஸ்டர் உடனே கல்லாவில் இருந்த முதலாளியம்மாவைப் பார்த்தார். முதலாளியம்மா ஏற்கெனவே கண்ணாடியில் முகம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு மணிக்கு மேல கூட்டம் இருக்காது. எடுத்துக்கோங்க. என் சுவரு படத்துல நல்லா விழணும், சொல்லிட்டேன். போன மாசம்தான் பெயிண்ட் அடிச்சது."

சுவர் கரும்பச்சை. மாஸ்டருக்கு அது வெறும் இருட்டு.

இரண்டு மணிக்குத் தங்கச்சி வந்தாள், தானே தைத்த அரக்குச் சிவப்புக் கவுனில். சிரிங்கவுக்குக் கை கால் ஓடவில்லை. நாற்காலியை இழுக்கிறார், மேஜையைத் தள்ளுகிறார், விளக்கை அணைக்கச் சொல்கிறார், அணைத்தவுடன் போடச் சொல்கிறார். கடைசியில் பொண்டாட்டியைப் பச்சைச் சுவருக்கு முன்னால் உட்கார வைத்தார்.

"பச்சைக்கு முன்னாடி சிவப்பு. கண்ண மூடிக்கிட்டு எடுக்கலாம். நம்ம தொழில்ல இதுதான் சட்டம்."

மாஸ்டர் கவுண்டருக்குப் பின்னாலிருந்து பார்த்தார். திக்கென்றது. தங்கச்சியின் தலை மட்டும் அந்தரத்தில் நிற்கிறது. கீழே இரண்டு கை. நடுவில் கப்பு. உடம்பைக் காணோம்.

கண்ணைத் துடைத்துக்கொண்டார். நம் கண்ணின் கோளாறுதானே, ஊருக்கெல்லாம் நன்றாகத்தான் தெரியும் என்று நினைத்தார். இருந்தாலும் மனசு கேட்கவில்லை.

"மாப்ள, தங்கச்சி... நல்லாத் தெரியறாளா?"

"தெரியறாளாவா? பத்திக்கிட்டு எரியுது மச்சான்!"

மாஸ்டர் மெஷின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

படப்பிடிப்பு ஆரம்பமானது. மூலையில் ஒரு பெரியவர். கடையில் அவருக்கு 'ஒரு கப்' என்று பெயர். ஒரு கப் காபியை வைத்துக்கொண்டு மூன்று மணி நேரம் பேப்பர் படிப்பவர். கேமரா தன் பக்கம் லேசாகத் திரும்பியதும் அவர் சீப்பை எடுத்துத் தலை வாரி, பல்லெல்லாம் தெரியச் சிரித்தார்.

"ஐயா, சோகமா இருங்க."

"நான் எதுக்கு சோகமா இருக்கணும்? நேத்துதான் எனக்குப் பேத்தி பொறந்திருக்கா."

"ரெண்டே நிமிஷம் மறந்துடுங்க."

"அதெப்படி மறக்க முடியும்? மூணரைக் கிலோ!"

பேப்பரைத் தூக்கி அவர் முகத்தை மறைத்தார்கள். பேப்பர் குலுங்கிக்கொண்டே இருந்தது.

தங்கச்சி கப்பைப் பார்த்தாள், பெருமூச்சு விட்டாள், கண்ணில் தண்ணீர்கூடக் கட்டியது. அருமையான இடம். அப்போது பார்த்துச் சிரிங்க, பதினெட்டு வருடப் பழக்கம், "சிரிங்க!" என்று கத்திவிட்டார். தங்கச்சி கப்பைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தாள். மறுபடி எடுத்தார்கள். மறுபடி கத்தினார். மூன்றாவது தடவை அவர் கைக்குட்டையை வாயில் திணித்துக்கொண்டு எடுத்தார். மூன்றே முக்காலுக்கு முடிந்தது.

எல்லோரும் லேப்டாப்பைச் சுற்றி நின்றார்கள். சிரிங்கவின் விரல், நிறத்தைக் கூட்டியே பழகியது, முதல் முறையாகக் குறைத்தது. பச்சை போயிற்று. சிவப்பு போயிற்று. அவற்றோடு சேர்ந்து அவர் பொண்டாட்டியும் போய்விட்டாள்.

திரையில் ஒரு தலை. இரண்டு கை. ஒரு கப்பு.

"என்னங்க இது, என் உடம்பு எங்க?" என்றாள் தங்கச்சி.

"பேய்ப் படம்னு சொல்லவே இல்லையே" என்றார் ஒரு கப்.

சிரிங்க மூன்று தடவை போட்டுப் பார்த்தார். மூன்று தடவையும் தலைதான் காபி குடித்தது. மாஸ்டருக்கு மட்டும் உடம்பெல்லாம் சிலிர்த்தது. இரண்டு மணிக்கு அவர் கவுண்டரிலிருந்து பார்த்தாரே, அதே காட்சி. அச்சு அசல். தன் கண்ணுக்குள் இருந்ததை யாரோ எடுத்துத் திரையில் போட்ட மாதிரி இருந்தது.

நாலு மணி. சிரிங்க திடீரென்று துள்ளினார். "மாத்து! எல்லாத்தையும் மாத்து! முதலாளியம்மா, உங்க பச்சைக் கோட்டைக் குடுங்க. ஏய், நீ அதைப் போட்டுக்கிட்டு எதிர்ப் பக்கச் செங்கல் சுவருக்கு முன்னாடி உக்காரு. சிவப்புக்கு முன்னாடி பச்சை! ஓடு, ஓடு!"

தங்கச்சி கோட்டை மாட்டிக்கொண்டு ஓடிப் போய் எதிர்ச் சுவருக்கு முன்னால் உட்கார்ந்தாள். மாஸ்டர் பார்த்தார். மறுபடியும் தலை. மறுபடியும் கை.

இப்போது சொல்லாவிட்டால் மாப்பிள்ளை பிழைப்பு போச்சு. சொன்னால் பன்னிரண்டு வருடக் காது போச்சு. மெஷின் பக்கத்தில் உர்ரென்று உறுமிக்கொண்டிருந்தது. தங்கச்சி அங்கிருந்து அண்ணனையே பார்த்தாள். லேசாகத் தலையை ஆட்டினாள். வேண்டாம் என்கிறாளா, சொல் என்கிறாளா, அந்தத் தூரத்தில் பிடிபடவில்லை.

"ஐயோ, அதுவும் கரைஞ்சிடும் மாப்ள!"

சிரிங்க கேமராவை இறக்கினார்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எனக்கு எப்பவுமே இப்படித்தான் தெரியும். சிவப்பும் பச்சையும் ஒண்ணுதான் எனக்கு. பொறந்ததுலேர்ந்து. அதனால கலரை நம்புறதே இல்ல. எது வெளிச்சம், எது இருட்டு, அவ்வளவுதான் பாப்பேன்."

முதலாளியம்மா மெதுவாக மெஷின் விளக்கைக் காட்டினாள். "அப்போ... இந்த லைட்டு?"

"தெரியாதும்மா. அதான் காதால கேக்குறேன்."

ஒரு கப் பெரியவர் பேப்பரைக் கீழே வைத்தார். மாஸ்டர் தரையைப் பார்த்தார். இப்போது சிரிப்பார்கள் என்று காத்திருந்தார். சிரிங்கதான் முதலில் நகர்ந்தார். ஒரே தாவு. ஆறடி இரண்டு அங்குலத்தைக் கட்டிப் பிடித்து உலுக்கினார்.

"மச்சான்! இப்படி ஒரு கண்ணைக் கடைல வெச்சுக்கிட்டா நான் ரெண்டு மணி நேரம் கத்திக்கிட்டிருந்தேன்? சொல்லுங்க, எங்க உக்கார வைக்கட்டும்?"

அதற்குப் பிறகு நடந்ததை இன்றும் தெருவில் பேசுகிறார்கள். மாஸ்டர் ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் கடையின் நடுவில் வந்து நின்றார். "கோட்டைக் கழட்டு. சுவரே வேணாம். ஜன்னலுக்கு வா. வெளிச்சம் உனக்குப் பின்னாடி வரட்டும், நீ இருட்டா இரு. கப்பு வெள்ளை, அத இருட்டான மேஜைல வை. அந்த விளக்கு எதுக்கு? அணை." ஒவ்வொன்றாகத் தள்ளினார், இழுத்தார். காபியைத் தவிர வேறெதற்கும் வாய் திறக்காத மனிதர், முதலாளியம்மாவையே "கொஞ்சம் நகருங்க, நீங்க ரொம்ப வெளிச்சம்" என்றார். முதலாளியம்மா வெட்கப்பட்டு நகர்ந்தாள்.

"ஜன்னலுக்குப் பக்கத்துல, பின்னாடி பச்சைச் சுவர் இருட்டா இருக்கு. அங்க மெஷின் ஆவி எழும்பினா வெள்ளையாத் தெரியும். நான் மெஷின்கிட்ட நிக்கிறேன். கை தூக்கினதும் எடு மாப்ள."

நாலு முப்பத்திரண்டு. கதவுக்கு வெளியே ஆபீஸ் விட்டு வந்தவர்கள் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு நின்றார்கள். உள்ளே ஒரு சத்தமில்லை. சிரிங்க கைக்குட்டையைக் கடித்துக்கொண்டார். மாஸ்டர் தலையை இடப்பக்கம் சாய்த்தார், கண்ணைப் பாதி மூடினார். கை மேலே போயிற்று. ஆவி புஸ்ஸென்று எழுந்து இருட்டில் வெள்ளையாகச் சுருண்டது. ஜன்னல் ஓரத்தில் தங்கச்சி கப்பை எடுத்தாள், குடிக்காமல் வைத்தாள்.

ஒரே தடவை. நாலு ஐம்பத்தாறுக்கு வீடியோ போனது.

பிறகு காத்திருப்பு. முதலாளியம்மாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. வெளியிலிருந்து வந்த கூட்டத்துக்கு நடுவில் மெஷின் அருகில் போய் நின்றாள். "மாஸ்டர், பச்சை எரியுது. இழுக்கட்டுமா?"

"இன்னும் ஆகலம்மா."

"எரியுதுங்கறேன்!"

"எரியட்டும்."

பிடிவாதமாக இழுத்தாள். வந்ததை ஒரு கப் பெரியவரிடம் நீட்டினாள். அவர் ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார். "இது காபி இல்லம்மா. பேத்தியைக் குளிப்பாட்டலாம்."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. விளக்கு தவறு, காது சரி. மாஸ்டர் நிமிர்ந்து நின்றார். அந்த உயரத்தில் அவரை யாரும் அதுவரை பார்த்ததில்லை.

ஐந்தேகாலுக்குப் போன் அடித்தது. சிரிங்க அவசரத்தில் ஸ்பீக்கரை அழுத்திவிட்டார்.

"திங்கக்கிழமை காலைல ஏழு மணிக்கு வந்துடுங்க" என்றது அந்தப் பெண் குரல். "வெளிச்சம் பிரமாதம். ஒண்ணு கேக்கணும். பின்னாடி மங்கலா ஒரு உயரமான ஆள் தலையைச் சாய்ச்சு நிக்கிறாரே, யார் அந்த நடிகர்? வாழ்க்கையில எதையோ தொலைச்சவர் மாதிரி ஒரு முகம். அழுதுட்டேன்."

"அவர் எங்க மச்சான்ங்க" என்றார் சிரிங்க.

"அவரையும் கூட்டிட்டு வாங்க."

போன் அணைந்ததுதான் தாமதம், கடை கூரை பிய்ந்துவிடும் போல ஆனது. முன்பின் தெரியாத ஆபீஸ்காரர்கள்கூடக் கை தட்டினார்கள். ஒரு கப், பன்னிரண்டு வருடத்தில் முதல் தடவையாக, இரண்டாவது கப் கேட்டார்.

அந்த ஆரவாரத்திலும் சிரிங்கவுக்கு ஒரு சந்தேகம். "ஆமா, சிவப்பு பச்சை தெரியாதுன்னா சட்டை எப்படி எடுத்துப் போடுறீங்க?"

மாஸ்டர் காலரைத் திருப்பிக் காட்டினார். இரண்டு முடிச்சு. சிரிங்க அதைத் தடவிப் பார்த்தார், பிறகு தன் சட்டையைப் பார்த்தார். மேலே இரண்டு பட்டன் கிடையாது.

"ஏன்டி, உங்க அண்ணனுக்கு இருட்டுலயும் தெரியற மாதிரி முடிச்சு. எனக்கு ஒரு பட்டன் தைக்க நேரமில்லையா?"

"திங்கக்கிழமைக்குள்ள தச்சுத் தரேன், மூஞ்சியை இப்படி வெச்சுக்காதீங்க" என்றாள் தங்கச்சி. "கொஞ்சம் சிரிங்க."