தங்கையின் குரலைப் பூட்டிய கணினி

பின்னறையிலிருந்து மறுபடியும் அந்தச் சத்தம் வந்தது. நீளமாக ஒரு பீப், சின்ன இடைவெளி, மறுபடி நீளமாக ஒரு பீப்.

கூடத்தில் துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி, கையிலிருந்த சட்டையை அப்படியே மடியில் வைத்தாள். இந்த வீட்டுக்கு வந்த புதிதில் அது அவளுக்கு வெறும் இரைச்சல். இப்போது அர்த்தம் தெரியும். கணவர் கேட்கிற வேகத்துக்கு, கணினியின் நினைவகமான ரேம் ஓட மறுக்கிறது. கணினி எழுந்திருக்கவே மாட்டேன் என்கிறது.

“இன்னிக்காவது அதை விடுங்களேன்,” என்றாள் கதவைப் பார்த்து. “தம்பி வர்ற நேரமாச்சு.”

தம்பி என்று அவள் சொன்னது கணவரின் தங்கையைக் கட்டியவரை.

“வரட்டும். இதோ முடிஞ்சிடும்.”

“போன மாசமும் இதையேதான் சொன்னீங்க.”

தரையில் ஒரு திருகாணி உருண்டு போகிற ஓசை மட்டும் கேட்டது.

அவரைத் தெருவில் எல்லோரும் ‘டைமிங்’ என்றுதான் கூப்பிடுவார்கள். எந்த இடத்துக்கும் நேரத்துக்குப் போகாதவர் என்பதால் வைத்த கேலிப் பெயர் என்று புதியவர்கள் நினைத்துக்கொள்வார்கள். உண்மையில் அது அவர் செய்த வேலை. கேட்ட தகவலை எடுத்துக் கொடுக்க ரேம் எத்தனை துடிப்பு காத்திருக்கலாம் என்று ஒரு கணக்கு உண்டு. அதற்குத்தான் டைமிங் என்று பெயர். ரேமைச் செய்தவர்கள் பதினாறு என்று வைத்து அனுப்புவதை இவர் பதினைந்து ஆக்குவார், பதினான்கு ஆக்குவார்; எண் குறையக் குறைய வேகம். திணறினால் வோல்டேஜை ஒரு நூலளவு ஏற்றுவார். பிறகு டெஸ்ட் ஓட்டிவிட்டு, கன்னத்தில் கை வைத்தபடி திரையையே பார்த்துக்கொண்டிருப்பார். எரர் ஒன்றும் வராமல் முடிந்தால் அவர் முகத்தில் ஒரு சிரிப்பு மலரும் பாருங்கள், பெற்ற பிள்ளை பரீட்சையில் தேறியது போல. வீடியோ எடிட் செய்பவர்களும் கேம் விளையாடுகிறவர்களும் அவருடைய கணினிக் கடையைத் தேடி வந்தது அந்தச் சிரிப்பை நம்பித்தான்.

அவருக்குப் பிள்ளை இல்லை. பெற்றவர்களும் சீக்கிரமே போய்விட்டார்கள். தங்கை ஒருத்திதான் அவருக்கு உலகம். முதன்முதலாக அவர் சாப்பாட்டு மேசையின் மீது ஒரு கணினியைச் சேர்த்துக் கட்டியபோது, பக்கத்தில் நின்று டார்ச் பிடித்தவள் அவள். வாயும் சும்மா இருக்காது.

“ஏண்ணா, ரெண்டு நிமிஷம் சீக்கிரம் முடியணும்னு ரெண்டு நாளா உக்காந்திருக்கியே. அந்த ரெண்டு நாளை எந்தக் கணக்குல சேர்க்கிறது?”

“வாயை மூடிட்டு லைட்டை நேரா பிடி.”

“பிடிச்சாச்சு. கை வலிக்குது. அதுக்கு ஏதாவது டைமிங் இருக்கா?”

அப்படிச் சிரித்துக்கொண்டே திரிந்தவளுக்கு, மகள் பேசத் தொடங்கும் முன்பே அந்த நோய் வந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் மூச்சு இடம் கொடுத்த நாட்களில் எல்லாம் அவள் தன் போனை மார்பின் மீது வைத்துக்கொண்டு மகளுக்காகப் பேசினாள். பயம் வந்தால் என்ன செய்ய வேண்டும், அப்பாவுக்குக் கோபம் வந்தால் எப்படிச் சிரிக்க வைக்க வேண்டும், தலைமுடியைச் சிக்கில்லாமல் எப்படிச் சீவ வேண்டும் என்று. கேட்டுப் புரிந்துகொள்ளும் வயது வந்ததும் கொடுங்கள் என்றாள். அவ்வளவுதான். போய்விட்டாள்.

“என்னால இதைத் திறக்கவே முடியல மச்சான்,” என்று அவள் கணவர் அந்தப் போனை டைமிங்கிடம் கொடுத்தார். “நீங்க பத்திரமா எடுத்து வெச்சிடுங்க. உங்களைவிட இதுக்கு யாரு?”

உங்களைவிட யாரு. அந்த வார்த்தைதான் இப்போது அவர் நெஞ்சில் முள்ளாய்க் குத்துகிறது.

அந்த வாரம்தான் அவர் தன் சொந்தக் கணினியைப் பதினான்குக்குக் கொண்டுவந்திருந்தார். துக்கத்தில் கைக்கு ஏதாவது வேலை வேண்டியிருந்தது. காலைக் குளிர்ச்சியில், கேபினெட்டின் பக்கத் தகட்டைக் கழற்றி வைத்து, ஃபேனை அதன் மீது திருப்பி விட்டு டெஸ்ட் ஓட்டினார். ஒரு எரர் இல்லை. தகட்டை மாட்டி, கணினியைச் சுவரோரம் தள்ளினார். தங்கையின் பதிவுகளை அதில் ஏற்றியதோ கொதிக்கிற மதியத்தில். திறந்த பெட்டியில் ஒழுங்காக ஓடுகிற ரேம் மூடிய பெட்டிக்குள் சூடேறினால் தடுமாறும். இதை வாடிக்கையாளர்களுக்கு ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தவர் அவரேதான். அன்று அவர் கண்ணில் நீர் இருந்தது. புத்தி எங்கே இருந்ததோ.

எல்லாவற்றையும் ஒன்றோடொன்று பின்னிச் சுருக்கி ஒரே ஃபைலாகக் கட்டி, பாஸ்வேர்டு போட்டுப் பூட்டினார். போனில் இருப்பதோடு ஒப்பிட்டும் பார்த்தார். சரியாக இருக்கிறது என்றது கணினி. ஒப்பிட்டுச் சொன்னதும் அதே ரேம்தான். பொய் சொன்னவனையே கூப்பிட்டுச் சாட்சி கேட்ட மாதிரி. அதிலிருந்து இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் நகல் எடுத்தார். நகலெல்லாம் அந்தத் தவற்றின் நகல். எல்லாம் பத்திரமாகிவிட்டது என்ற நம்பிக்கையில், போனில் இருந்ததைச் சுத்தமாக அழித்துக் கொடுத்தார். மாப்பிள்ளை அதை ஆஸ்பத்திரியில் தங்கையைக் கவனித்துக்கொண்ட பெண்ணுக்குக் கொடுத்துவிட்டார்.

வருஷங்கள் ஓடின. தங்கையின் மகள் வளர்ந்தாள். அம்மா பேசியதைக் கேட்க வேண்டும் என்று சென்ற மாதம் கேட்டாள். டைமிங் ஃபைலைத் திறந்தார். முதல் பதிவின் தொடக்கம் மட்டும் வந்தது. பிறகு எரர். பூட்டிக் கட்டிய ஃபைலில் ஓர் எழுத்து பிசகினாலும் அதற்குப் பின்னால் உள்ளது எல்லாம் போயிற்று.

அதன் பிறகு அவர் செய்ததை வேறு யாராவது செய்திருந்தால், கடையில் நின்று வயிறு குலுங்கச் சிரித்திருப்பார். பழைய ரேமை அலமாரியிலிருந்து தேடி எடுத்தார். அதே பதினான்கு, அதே வோல்டேஜ். ஜன்னலைச் சாத்தினார். ஃபேனை நிறுத்தினார். அன்றைய சூட்டை அறைக்குள் வரவழைக்கப் பார்த்தார். அன்று தடுமாறியது போலவே இன்றும் தடுமாறினால், பிசகிய இடத்தை அதுவே திருப்பிச் சரியாகப் படித்துவிடாதா என்ற நப்பாசை. முடியாது என்று அவருக்குத் தெரியும். அந்த ஊரிலேயே அவரைவிட நன்றாக யாருக்கும் தெரியாது. தெரிந்தும் ஒரு மாதமாக உட்கார்ந்திருந்தார். பழைய ரேமும் இப்போது சாகக் கிடந்தது.

அழைப்பு மணி அடித்தது.

“வாங்க தம்பி,” என்று மனைவி கதவைத் திறந்தாள். “பாப்பா வரலையா?”

“வரலைக்கா. வீட்டைக் கூட்டிப் பெருக்கிட்டு இருக்கா. புதுசா ஹெட்போன் வாங்கி வெச்சிருக்கா. கேக்கறப்ப கூட யாரும் இருக்கக் கூடாதாம். நான்கூட மொட்டை மாடிக்குப் போயிடணுமாம்.” அவர் சிரித்தார். “எங்க நம்ம டைமிங்? குகைக்குள்ளயா?”

டைமிங் வாசற்படியில் வந்து நின்றார். சட்டை முழுக்க வேர்வை.

“என்ன மச்சான், அடுப்புக்குள்ள உக்காந்திருந்தீங்களா?”

“உக்காருங்க மாப்ள.”

“உக்கார நேரமில்ல. கொடுத்தீங்கன்னா கிளம்பிடுவேன். அவ வாசல்லயே நிப்பா.”

“இன்னும் கொஞ்ச நாள் கொடுங்களேன்,” என்று தொடங்கினார் டைமிங். மனைவி அவரை ஏறிட்டுப் பார்த்தாள். வேறொன்றும் செய்யவில்லை. அந்தப் பார்வையின் முன் அவர் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

“அது இல்ல மாப்ள. போயிடுச்சு. நான்தான் கெடுத்துட்டேன்.”

நடந்ததை மெதுவாகச் சொன்னார். எதையும் ஒளிக்கவில்லை. கடைசியில் மாப்பிள்ளை ஒன்றுதான் கேட்டார்.

“ஒழுங்காதானே ஓடிட்டிருந்துச்சு? அதை எதுக்கு இன்னும் வேகமா ஓட்டணும்?”

“சும்மாதான்.” என்றார் டைமிங். “முடியுமான்னு பாக்கத்தான்.”

மிஞ்சியிருந்ததைப் போட்டுக் காட்டினார். ஆஸ்பத்திரியின் இரைச்சலுக்கு நடுவே, களைத்த ஒரு குரல். “ரெக்கார்டு ஆகுதா இது? ஆகுது போல. கண்ணு, அம்மா பேசறேன். முதல்ல உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்...”

அவ்வளவுதான்.

“இன்னொரு தடவை போடுங்க,” என்றார் மாப்பிள்ளை. போட்டார். “இன்னொரு தடவை.” அதற்குள் அந்தத் திடகாத்திரமான மனிதர் முகத்தை இரு கைகளாலும் மூடிக்கொண்டு குலுங்கினார். “நான் ஒண்ணைக்கூடக் கேக்கல மச்சான். கேட்டா செத்துடுவேன்னு பயந்து, அப்புறம் கேக்கலாம்னு விட்டுட்டேன். நானாவது கேட்டிருந்தா அவளுக்கு வாயால சொல்லியிருப்பேனே.”

டைமிங் ஒரு பென் டிரைவை நீட்டினார். அதில் அந்தச் சில வார்த்தைகள் இருந்தன. மாப்பிள்ளை அதைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

“இது எனக்கு. அவளுக்கு இல்ல. அம்மா என்ன சொல்ல வந்தாங்கன்னு ஆயுசு முழுக்கத் தவிச்சிட்டு இருப்பா.”

“அவகிட்ட என்ன சொல்லப் போறீங்க?”

“டிஸ்க்கு பழசாகி தானாவே கெட்டுப் போச்சுன்னு சொல்லிடறேன். உங்க பேரை எடுக்க மாட்டேன். மாமான்னா அவளுக்கு உசுரு. இருக்கிறதுல அதையும் பிடுங்க நான் தயாரா இல்ல.” எழுந்து செருப்பை மாட்டினார். “ஆனா நீங்க இனிமே அங்க வராதீங்க மச்சான். உங்களுக்குப் பொய் சொல்ல வராது. உங்க முகத்தைப் பாத்தாலே கண்டுபிடிச்சிடுவா.”

“எவ்வளவு நாளைக்கு மாப்ள?”

மாப்பிள்ளை டைமிங்கின் மனைவி பக்கம் திரும்பினார். “வரேன்க்கா,” என்று மட்டும் சொன்னார். அவள் புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு தலையாட்டினாள். வெளியே போனவர், கோபத்தில் கதவை அறைந்து சாத்துவார் என்று டைமிங் எதிர்பார்த்தார். அப்படியாவது சாத்தியிருக்கலாம். அவரோ, யாரோ தூங்குகிற வீட்டிலிருந்து கிளம்புகிறவர் போலக் கதவை மெல்ல இழுத்து, சத்தம் வராமல் மூடிவிட்டுப் போனார்.