ஒப்துலியா கண்ட பிழை

ஸ்பெயினில் தெருயெல் மலைப்பக்கத்துச் சிற்றூர் விடுதி ஒன்றில் ஒப்துலியா சமையல்காரி. ஐம்பத்தாறு வயது, கணவனை இழந்தவள். கேட்டதற்கு மேல் ஒரு வார்த்தை பேசமாட்டாள்.

ஜூன் தோறும் இங்கிலாந்திலிருந்து நெவில் என்ற ஓய்வுபெற்ற ஆசிரியர் வந்து தங்குவார். பைன் மரத்தடியில் ஒரு பெட்டியை வைத்து, அதன்மேல் விளக்கை எரியவிட்டுப் படுக்கப் போய்விடுவார். வெளிச்சத்துக்கு வரும் அந்துப்பூச்சிகள் உள்ளே விழுந்து, அடியில் அடுக்கிய முட்டை அட்டைகளின் குழிகளில் ஒடுங்கிக் கிடக்கும். விடிந்ததும் ஒவ்வொன்றாகப் பார்த்து, படமெடுத்து, பெயரெழுதிப் பறக்கவிடுவார். சமையலறையிலிருந்து அந்த அட்டைகளைக் கொடுத்த ஒப்துலியா, காபி கொண்டுபோகிற சாக்கில் பக்கத்தில் நின்று பார்க்க ஆரம்பித்து ஆறு வருஷமாகியிருந்தது.

"காபி அவருக்கா, பூச்சிக்கா?" என்பான் அவள் தம்பி ஃபெர்மின்.

"பூச்சிக்குத்தான். அதுங்க உன்னை மாதிரி தொணதொணக்காது."

ஏழாவது வருஷம் நெவில் ஒரு சாம்பல் பூச்சிக்குப் பெயர் எழுதியபோது அவளுக்குச் சுருக்கென்றது. அவர் சொன்ன பூச்சிக்குச் சிறகோரத்தில் கறுப்புக் கோடு உண்டு. இதற்கு இல்லை. படித்த மனிதரிடம் போய் எப்படிச் சொல்வது என்று இருந்துவிட்டாள். மறுநாளும் அதே தவறு. மூன்றாம் நாள் பொறுக்கவில்லை.

"நெவில், இது அது இல்லைங்க. ஓரத்துல கோடு இல்லையே."

"இருக்கு."

"வெளிச்சத்துல திருப்பிப் பாருங்க."

திருப்பினார். வெகுநேரம் பார்த்தார். நோட்டை மூடி வைத்துவிட்டு அறைக்குப் போனவர் காலைச் சாப்பாட்டுக்கு வரவில்லை. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம் என்று பகலெல்லாம் நொந்துகொண்டாள் ஒப்துலியா.

சாயங்காலம் சமையலறை வாசலில் வந்து நின்றார்.

"கண்ணு போயிட்டிருக்கு. திரும்ப வராதாம். வீட்டுல யாருக்கும் தெரியாது."

அவள் வெங்காயம் நறுக்குவதை நிறுத்தினாள். "எப்போலேருந்து?"

"போன வருஷமே."

"அப்போ போன வருஷம் எழுதினது?"

"அதை நினைச்சாத்தான் பயமா இருக்கு. நான் எழுதி அனுப்பினதை நம்பி பூச்சி ஆராய்ச்சிக்காரங்க பதிவேட்டுல ஏத்திட்டாங்க."

"படம் இருக்குல்ல. எடுத்துட்டு வாங்க."

மூன்று மதியங்கள் சமையலறை மேசையில் உட்கார்ந்தார்கள். கணினித் திரையில் தெரிவதை அவள் சொல்லச் சொல்ல, அவர் பெயரைச் சொன்னார். நாற்பத்தொரு பிழைகள். பதிவேட்டுக்காரர்களுக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"இருபது வருஷமா சம்பாதிச்ச பேரு. வெட்கமா இருக்கு, ஒப்துலியா."

"இருக்கத்தான் செய்யும். எழுதுங்க."

எழுதினார். அதன்பின் இன்னும் இரண்டு ஜூன்கள் வந்தார். அவள் பார்ப்பாள், அவர் பெயர் சொல்வார். பதிவுகளில் இருவர் பெயரும் ஏறின. மூன்றாம் ஜூனில் தனியாகப் பயணம் செய்ய முடியாமல் போனது.

இப்போது விளக்குப் பெட்டி ஒப்துலியாவிடம். விடிந்ததும் பார்த்து, தொலைபேசியில் சிறகு, கோடு, புள்ளி என்று அவள் சொல்ல, அங்கிருந்து அவர் பெயர் சொல்வார். சில காலைகளில் இருவருக்கும் ஒத்துப்போகாது. அன்று நோட்டில் பெயருக்கான இடத்தை வெற்றாகவே விட்டுவிடுவாள்.