கலர் மீனும் கல்லுப்பும்

தறிச் சத்தத்திலேயே பிறந்து வளர்ந்த என் காதுகளுக்குச் சேலத்து மீன் கடையின் அமைதி முதலில் காதடைப்பு மாதிரித்தான் இருந்தது. எடப்பாடியில் எங்கள் தெருவின் இரண்டு பக்கமும் விசைத்தறிகள் ஓடும். ஒரு சொம்பு தண்ணீர் வேண்டுமென்றாலும் கத்தித்தான் கேட்க வேண்டும். அந்தக் கடைக்குள்ளோ காற்றுக் குமிழிகள் மேலேறி உடைகிற "புளுக் புளுக்" மட்டும்தான், அதோடு ஈரப் பாசியின் வாசனை, கண்ணாடிக்குப் பின்னால் ஓயாமல் திறந்து மூடுகிற குட்டிக் குட்டி வாய்கள். எனக்கு அப்போது ஆறாம் வகுப்பு முடிந்த விடுமுறை. எதைப் பார்த்தாலும் ஏன், எதற்கு என்று குடைகிற வயது என்பார்கள்; எனக்கு அந்த வயது இன்னும் முடியவில்லை என்பது வேறு விஷயம்.

அப்பாவோடு போயிருந்தேன். அப்பா எங்கள் ஊர்ச் "சாயப்பட்டறை" ஒன்றில் டையிங் மாஸ்டராக இருந்தவர், அதாவது நூலுக்கு எந்தச் சாயம், எவ்வளவு சூடு, எவ்வளவு நேரம் என்று முடிவு செய்கிறவர். அவர் நகக்கண்ணில் எப்போதும் ஏதாவது ஒரு நிறம் இருக்கும். அதை வைத்தே இன்றைக்குப் பட்டறையில் ஓடியது கத்தரிப்பூவா, மாம்பழ மஞ்சளா என்று நான் கண்டுபிடித்துவிடுவேன். சாயத் தண்ணீரை ஓடையில் விடுகிறார்கள் என்று அந்த வருஷம் பட்டறையைப் பூட்டிச் சீல் வைத்துவிட்டார்கள். அதைத் தப்பென்று சொல்ல முடியாது, எங்கள் ஓடை காலையில் ஒரு நிறமும் சாயங்காலம் ஒரு நிறமுமாக ஓடிய காலம் அது. ஆனால் அப்பா வீட்டோடு உட்கார்ந்துவிட்டார். பேச்சு குறைந்து குறைந்து, ஒரு கட்டத்தில் நின்றே போயிற்று. நகங்கள் வெளுத்து எல்லார் நகத்தையும் போல ஆகிவிட்டன. அவற்றையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு சுவரோரமாக உட்கார்ந்திருப்பார். எனக்குப் பயமாக இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் என் மாமன், அம்மாவின் அண்ணன், புது வீட்டுக்குக் குடிபோகிறபோது, பழைய வீட்டில் சும்மா கிடந்த கண்ணாடித் தொட்டி ஒன்றை எங்கள் வீட்டில் இறக்கிவிட்டுப் போனார். யாரும் சொல்லாமலே அப்பா அதைக் கழுவினார். மீன் கடைக்குப் போய் விசாரித்துவிட்டு வந்து, மண் பரப்பி, செடிகள் நட்டார். "வேர் புடிக்கட்டும், அப்புறம் மீன் விடலாம்" என்று கடைக்காரர் சொல்லியிருந்ததால் அவசரப்படவில்லை. தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்தால் மட்டும் அவருக்குப் பேச்சு வந்தது. "இந்தப் பச்சையப் பாரு சாமி, அடியில ஒரு பச்சை, நுனியில ஒரு பச்சை" என்பார். அம்மாவும் இதைக் கவனித்திருக்க வேண்டும். ஆனாலும் கறாராக ஒரு நிபந்தனை போட்டார்.

"மீன் விடறதுன்னா விடுங்க. ஆனா இப்ப இருக்கற நேரத்துல ஊட்டுக்குள்ள ஒரு உசுரு செத்து மெதந்துச்சுன்னா எனக்கு மனசு தாங்காதுங்க. ஒண்ணு செத்தாலும் தொட்டி எங்கண்ணன் ஊட்டுக்கே திரும்பிப் போயிரும், சொல்லிப்போட்டேன்."

தொட்டி போனால் அப்பா மறுபடியும் சுவரோரம் போய்விடுவார் என்பது எனக்குத் தெரிந்திருந்தது. ஆகவே எங்களுக்கு வேண்டியது லேசில் சாகாத, செடியைத் தின்னாத, அக்கம்பக்கத்தோடு அனுசரித்துப் போகிற மீன். கடைக்காரர் மீசை அரும்பியிருந்த இளைஞர், நான் கேட்ட கேள்விக்கெல்லாம் சலிக்காமல் பதில் சொன்னார். தங்க மீன் வேண்டாம், செடியை வேரோடு பிடுங்கிப் போட்டு விளையாடும். ஃபைட்டர் அழகுதான், ஆனால் கூட்டத்துக்கு ஆகாது. பட்டை பட்டையாக இருந்த டைகர் பார்ப் மற்ற மீன்களின் வாலைக் கடிக்குமாம். ஏன் கடிக்கிறது என்று கேட்டேன். "அதுக்கும் பொழுது போகணுமில்ல பாப்பா" என்றார். அதைவிட நல்ல விளக்கம் எனக்கு இன்றுவரை கிடைக்கவில்லை.

அப்பா மீனைப் பார்த்த விதமே வேறு. அவர் சேலைக்கு நிறம் சேர்த்துக்கொண்டிருந்தார். "பாடி பச்சை. அதுமேல நீலக் கோடு ஓடணும். அரக்கு கொஞ்சம் வேணும், பார்டருக்கு" என்று முணுமுணுத்தபடி, நீலமும் சிவப்பும் மின்னுகிற நியான் டெட்ராக்களில் ஒரு கூட்டத்தையும், அரக்குச் சிவப்பில் சில பிளாட்டிகளையும் காட்டினார். நான் கப்பிகளைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். அப்புறம் ஒரு தொட்டியின் முன்னால் அப்பா அசையாமல் நின்றுவிட்டார். வட்ட உடம்பும் பாவாடை விரித்தது போன்ற அகலத் துடுப்புமாக, ரோஜாப்பூ நிறத்தில் மீன்கள். "பிங்க் டெட்ராங்க" என்றார் கடைக்காரர்.

"டியூப்லைட்டுல கலர் முடிவு பண்ணக் கூடாதுங்க தம்பி" என்று சொல்லி, ஒன்றைப் பையில் பிடிக்கச் சொல்லி வாசல் வெயிலுக்குக் கொண்டு போனார் அப்பா. பட்டறைக்காரர்கள் நூலை அப்படித்தான் பார்ப்பார்கள். தூக்கிப் பிடித்து, சாய்த்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, "எந்தக் கம்பெனி டப்பாவுலயும் இந்தக் கலர் இல்ல சாமி, இது ஆண்டவன் போட்டது" என்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தைப் பார்த்து வெகுநாளாகியிருந்தது.

கொஞ்ச நாள் வீட்டில் திருவிழாதான். தெருவில் பாதிப் பேர் வந்து பார்த்தார்கள், அப்பா ஒவ்வொருவருக்கும் மீன்களின் குணத்தை விளக்கினார். பிறகு ஒரு நாள் கவனித்தேன், பிங்க் டெட்ராக்களின் வயிற்றுப் பக்கம் வெளிறியிருந்தது. தின்கின்றன, துரத்தி விளையாடுகின்றன, நிறம் மட்டும் கழன்றுகொண்டே வருகிறது. கழன்ற நிறம் எங்கே போகிறது? தண்ணீரை ஒரு டம்ளரில் மொண்டு வெயிலில் வைத்துப் பார்த்தேன், வெறும் தண்ணீர். இது நோயா, வயதா, எங்கள் வீடு பிடிக்கவில்லையா என்று என்னென்னவோ யோசித்தேன்.

அப்பாவும் பார்த்துவிட்டார். "தண்ணிதான் காரணம். நம்ம போர்த்தண்ணி உப்பு, இதுல எந்தக் கலரும் நிக்காது" என்று, பூலாம்பட்டிக்குப் போய்க் காவிரித் தண்ணீரை மொபெட்டில் கேன் கேனாகக் கொண்டுவந்து ஊற்றினார். அதற்கும் வெளிறல் நிற்கவில்லை. கடைசியில் ஒரு டையிங் மாஸ்டர் மட்டுமே செய்யக்கூடிய காரியத்தைச் செய்தார். சாயத் தொட்டியில் உப்புப் போட்டால்தான் நிறம் நூலில் ஏறிப் பிடிக்கும். அந்தப் பழக்கத்தில் சமையலறையிலிருந்து கல்லுப்பைக் கை நிறைய அள்ளி வந்து மீன் தொட்டியில் கரைத்துவிட்டார். போர்த்தண்ணி உப்பு என்றுதானே காவிரிக்குப் போனீர்கள், இப்போது காவிரித் தண்ணீரில் உப்பைப் போடுகிறீர்களே என்று கேட்டேன். "அது வேற உப்பு, இது வேற உப்பு" என்றார். பட்டறையில் அது உண்மையாகவும் இருக்கலாம்.

செடிகளுக்கு அந்த வித்தியாசம் தெரியவில்லை. இலைகள் கண்ணாடியாகி, கூழாகி, தண்ணீர் கலங்கியது. மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. "என்ற கை பட்ட கலரு ஒண்ணும் நிக்க மாட்டேங்குது" என்று சொல்லிவிட்டு அப்பா எழுந்து போய்ச் சுவரோரம் உட்கார்ந்துகொண்டார்.

மறுநாள் அம்மா பிளவுஸ் துணி எடுக்கச் சேலம் போனபோது நானும் தொற்றிக்கொண்டேன். மருந்து ஏதாவது கேட்கலாம் என்று அவரை இழுத்துக்கொண்டு மீன் கடைக்குப் போனேன். அங்கே கீழ்வரிசைத் தொட்டியில், முதல் தடவை நான் குனிந்தே பார்க்காத இடத்தில், வெள்ளை மீன்கள் சில இருந்தன. அதே வட்ட உடம்பு, அதே பாவாடைத் துடுப்பு, அதே வெடுக்கென்ற திரும்பல்.

"ஏனுங்ணா, இதும் எங்க ஊட்டு மீனும் ஒண்ணா?"

கடைக்காரர் தலையைச் சொறிந்தார். "ஒண்ணுதான் பாப்பா. பொறக்கறதே வெள்ளைதான். வர்ற எடத்துலயே ஊசில கலர் ஏத்தி அனுப்பறாங்கன்னு சொல்றாங்க. நாங்க வாங்கி விக்கறதோட சரி."

"ஏனுங்க தம்பி, சீலைக்குத்தான் சாயம் போடுவாங்க. மீனுக்குமா?" என்று அம்மா வாயில் கை வைத்தார். உப்புக் கதையைக் கேட்டதும் கடைக்காரர் பதறிப்போய், தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றச் சொன்னார்.

டையிங் மாஸ்டரையே சாயத்தில் ஏமாற்றிவிட்டார்கள் என்றால் ஊர் சிரிக்கும், அப்பாவிடம் பக்குவமாகச் சொல்ல வேண்டும் என்று பஸ்ஸில் அம்மா சொல்லிக்கொண்டே வந்தார். நான் வாசலிலேயே போட்டு உடைத்துவிட்டேன். அப்பா என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு சிரித்தார் பாருங்கள், தறிச் சத்தத்தையும் மீறி, கண்ணில் தண்ணீர் வர, அடக்க முடியாமல். அம்மாவும் சிரித்துவிட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, தொழில்காரருக்கே உரிய ஆர்வத்தோடு அப்பா கேட்டார்:

"அது சரி, எப்படி ஏத்துனாங்களாமா?"

"ஊசிலயாம்ப்பா."

சிரிப்பு நின்றுவிட்டது. எழுந்துபோய்த் தொட்டிக்கு முன்னால் குனிந்தார். "ஒரு சொட்டு கையில பட்டாலே அந்த எரி எரியும் சாமி. இத்தினியூண்டு உடம்பு. அதுக்குள்ள ஊசியா?" அப்புறம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஆவலோ அவசரமோ இல்லாமல், நூலை அலசுகிற அதே பொறுமையோடு தண்ணீரை மாற்ற ஆரம்பித்தார்.

அடுத்த நாள் விடியற்காலையில் நான் எழுந்து வந்தபோது அம்மா புறக்கடையில் செம்பருத்திக்கு அடியில் குந்தியிருந்தார். கையில் ஒரு கொட்டாங்குச்சி, அதில் ஒரு நியான் டெட்ரா, நீலக் கோடு மங்கிப்போய். குழியை மூடி மண்ணைத் தட்டிய பிறகுதான் என்னைப் பார்த்தார்.

"நீலக் கோடு போட்டது ஒரு எடத்துல நிக்காம ஓடறது. உங்கப்பா எண்ணிப் பாக்க மாட்டாரு. நீ வாயத் தொறக்காத, சாமி" என்று சொல்லிவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு காப்பி போடப் போனார்.

தொட்டி மாமன் வீட்டுக்குப் போகவில்லை. செடிகள் வேரிலிருந்து மறுபடி துளிர்த்தன. பிங்க் டெட்ராக்கள் முழு வெள்ளையாகி வெகுநாள் இருந்தன. பழைய நிறத்தை வீட்டில் யாரும் தேடவில்லை. அப்பா நாமக்கல் பக்கம் ஒரு கோழித் தீவன மில்லில் வேலைக்குச் சேர்ந்து ஓய்வும் பெற்றுவிட்டார். தொட்டி எப்போதோ விரிசல் விட்டு உடைந்தது. மீன் கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் உறை விற்கிறார்கள். அம்மா போய்ச் சேர்ந்து இரண்டு வருஷமாகிறது.

அப்பா இப்போது சேலத்தில் என்னோடு இருக்கிறார். என் மகளுக்காகச் செடித் தொட்டி ஒன்று வைத்திருக்கிறோம். அதன் முன்னால் உட்கார்ந்து, அவளுக்கு இந்தக் கதையை அவர் அடிக்கடி சொல்கிறார். "உங்க அம்மாயி போட்ட கண்டிசன் அப்படி. அத்தன உப்பப் போட்டும் ஒண்ணுகூடச் சாகல கண்ணு."

"நெசமாம்மா?" என்று அவள் என்னைப் பார்க்கிறாள். சாட்சி சொல்ல இப்போது நான் ஒருத்திதான் மிச்சம். ஆமாம், ஒன்றுகூடச் சாகவில்லை என்கிறேன்.