பஸ் நிற்காத ஊர்களின் பாட்டு

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு முரசுமோட்டையில் என் வீட்டு வாசலிலிருந்து லொறியை எடுத்தேன். லொறி என்னுடையது. அதில் ஏற்றியிருந்த ஸ்பீக்கர்களும் ஜெனரேற்றரும் வயர்ச் சுருள்களும் என்னுடையவை. இதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன். அன்று பின்னேரம் வவுனியா மைதானத்தில் நடந்ததைப் பற்றி இப்போது ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். நான் போனவன், பார்த்தவன்.

படிப்பு எனக்கு ஐந்தாம் வகுப்போடு சரி. மலையகத் தோட்டத்திலிருந்து வன்னிக்கு வந்து காடு வெட்டிக் குடியிருந்த குடும்பம் எங்களுடையது. ஒரு குழாய் ஸ்பீக்கரையும் பழைய அம்பிளிபயரையும் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு கோயில் கோயிலாகப் போய்த் தொழில் தொடங்கினேன். இன்றைக்குப் பளையிலிருந்து கனகராயன்குளம் வரைக்கும் திருவிழா என்றால் முதலில் என் போன்தான் அடிக்கும். இதில் பெருமை பேச என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். நிறைய இருக்கிறது.

லொறியின் முன்பக்கம் என்னோடு மூன்று பேர். பாடுவதும் கிற்றார் அடிப்பதும் நிரோஜா, எங்கள் ஒழுங்கைப் பிள்ளை. ட்ரம்ஸ் றிஸ்வான், முல்லைத்தீவுக்குத் திரும்பி வந்து கடை போட்டிருக்கும் ஒரு வியாபாரியின் மகன். பேஸ் கிற்றார் கஜன். அவன் அதிகம் கதைக்க மாட்டான், அதிகம் சாப்பிடுவான். இவர்களின் குழுவுக்கு நாலாம் கட்டை என்று பெயர். பெரிய வீதியின் நாலாவது மைல்கல்லடியில் எங்கள் ஒழுங்கை, அந்தச் சின்னத் தெரு, தொடங்கும் இடத்தை ஊரில் அப்படித்தான் சொல்வோம்.

இவர்கள் வாசிப்பது பொப் பங்க். தெரியாதவர்களுக்கு என் விளக்கம் இது: ட்ரம்ஸ் நாய் துரத்தியது போல ஓடும், கிற்றார் அதற்குப் பின்னால் ஓடும், பாடுகிற ஆள் கோபத்தைச் சிரித்துக்கொண்டு சொல்லும். கேட்டு முடிந்த பிறகும் மெட்டு வாயில் கிடக்கும்.

ஆறு கிலோமீற்றரில் பரந்தன் சந்தி. அவர்களின் முதல் கச்சேரி இங்கேதான், ஒரு புதுவீட்டுக் குடிபூரலில். றிஸ்வான் ட்ரம்ஸைத் தொடங்கியதும் பந்தியிலிருந்த ஒரு கிழவர் எழும்பி, “ஆற்ற செத்தவீடு?” என்று கேட்டார். வீட்டுக்காரர் அரைவாசியில் நிறுத்தச் சொல்லிவிட்டார். அடுத்தது பளையில் ஒரு விளையாட்டுக் கழகத்தின் ஆண்டுவிழா. நாங்கள் கட்டிய ஸ்பீக்கர்களின் எண்ணிக்கைக்குக்கூட ஆட்கள் இல்லை. பிறகு கோயில்களில் சினிமாப் பாட்டு வாசித்து, இடையில் தங்கள் பாட்டு ஒன்றைக் களவாகச் செருகுவார்கள். முல்லைத்தீவுக் கடற்கரையில் அப்படிச் செருகிய ஒன்றை யாரோ போனில் பிடித்துப் போட்டு, அது ஊரெல்லாம் சுற்றிக் கொழும்பு வரை போய்விட்டது. கொழும்பில் பெரிய மேடைகள் நடத்தும் சர்மிளா மிஸ் அவர்களைப் போனில் கூப்பிட்டார்.

அவர் சொன்னது நேரான கதை. வவுனியாவில் தான் நடத்தும் விழாவில் ஐந்து மணிக்கு முக்கால் மணித்தியாலம் தருவார். சொந்தப் பாட்டுகள் மட்டும்தான் பாட வேண்டும். சனம் நின்று கேட்டால், மறுநாள் காலை ரயிலில் தன்னோடு கொழும்புக்கு வரலாம். பாட்டுகளைப் பதிவு செய்து, அங்கே பெரிய மேடையிலும் ஏறலாம். சனம் கலைந்தால் வணக்கம் சொல்லிப் பிரிய வேண்டியதுதான். நிரோஜாவுக்குத் திங்கட்கிழமை கிளிநொச்சியில் காமென்ற் வேலை, ஆடைத் தொழிற்சாலையில் தைக்கிற வேலை, காத்துக்கொண்டிருந்தது. தாய்க்கு வாக்குக் கொடுத்திருந்தாள்: “உது சரிவரேல்லையெண்டா கிற்றாரைத் தூக்கி அலுமாரிக்கு மேல வைச்சிடுவன்.”

எட்டரைக்கு முறிகண்டி. இந்தப் பிள்ளையாருக்கு முன்னால் நிறுத்தாமல் போகிற வாகனத்தை நான் கண்டதில்லை. தேங்காய் நூற்றைம்பது ரூபாய், வறுத்த கச்சான், அதாவது நிலக்கடலை, பை நூறு. நான் தேங்காய் உடைத்தேன். றிஸ்வான் கச்சானோடு வந்தான்.

“பிள்ளையாரை நீங்கள் பாருங்கோ ஐயா, கச்சானை நான் பாக்கிறன்.”

“உனக்கும் சேத்துத்தான் உடைச்சனான்.”

“அப்ப ரெண்டு சிதறலை எனக்கெண்டு சொல்லிவிடுங்கோ.”

மாங்குளம் தாண்டிக் கனகராயன்குளத்தில் தேத்தண்ணிக்கு நிறுத்தினோம். பால் தேத்தண்ணி நூறு, உழுந்து வடை எண்பது. அங்கேதான் எனக்கும் நிரோஜாவுக்கும் கொழுவல் வந்தது. நான் சொன்னேன், “ஒரு சினிமாப் பாட்டைக் கையிருப்பில வைச்சிரு பிள்ளை. சனம் எழும்பினால் உடன எடுத்து விடலாம்.”

“வைச்சிருந்தால் பயத்தில அதைத்தான் முதல்ல எடுப்பன் ஐயா.”

“வியாபாரத்தில கையிருப்பு வேணும்.”

“நீங்கள் சைக்கிளில ஸ்பீக்கர் கட்டேக்க என்ன கையிருப்பு வைச்சிருந்தனீங்கள்?”

கஜன் அன்றைக்கு முதல் தடவையாக வாய் திறந்தான். “ஐயா, இன்னொரு வடை எடுக்கட்டே?” அதோடு கதை முடிந்தது. ஆனால் அவள் தன் வடையைத் தொடாமலே கஜன் பக்கம் தள்ளிவிட்டதை நான் கண்டேன்.

கடைக்கு முன்னால் ஒரு பெண் குழந்தையோடு நின்று கையைக் காட்டினாள். யாழ்ப்பாணத்துக் கடுகதி பஸ் வேகத்தைக் குறைக்காமல் போனது. மேலே போட்டிருந்த துணியால் குழந்தையின் முகத்தை மூடிக்கொண்டு அவள் புழுதிக்குள் நின்றாள். “எங்கட பாட்டு,” என்றாள் நிரோஜா. உண்மைதான். முல்லைத்தீவில் அவர்கள் களவாகச் செருகிய பாட்டு இதைப் பற்றியதுதான்:

“கை காட்டினன், பஸ் நிக்கேல்லை,
புழுதி மட்டும் என்னோட நிண்டது.”

பதினொரு மணிக்கு வவுனியா. வன்னியில் இதுதான் எங்களுக்குப் பட்டணம்: மணிக்கூட்டுக் கோபுரம், நகைக்கடைகள், மூன்று பாஷையில் பெயர்ப்பலகைகள், மனிதனை இடித்துவிட்டு ஹோர்ன் அடிக்கும் ஓட்டோக்கள். மைதானத்தில் ஸ்பீக்கர் கட்டி முடிய மூன்று மணி ஆயிற்று. சர்மிளா மிஸ் கறுப்புக் கண்ணாடியோடு வந்து, “இந்த ஸெற் மைதானம் முழுக்கக் காணுமா ஐயா?” என்று கேட்டார்.

“மிஸ், இதை முழுசாத் திறந்தால் ஓமந்தையில இருக்கிறவன் எழும்பி ஆடுவான்.”

ஐந்து மணிக்கு மைதானம் நிறையச் சனம் இருந்தது. முதல் பாட்டுக்குக் கொஞ்சம் கைதட்டல். இரண்டாவதின் நடுவிலேயே, “படப் பாட்டுப் போடுங்கோ!” என்று குரல் வந்தது. பின்வரிசைகள் எழும்பி ஐஸ்கிறீம் வண்டிப் பக்கம் நகரத் தொடங்கின. ஒலிக் கட்டுப்பாட்டு மேசையில் நின்ற எனக்கு இது புதிதல்ல. கலையும் சனத்தின் சத்தம் எனக்கு மனப்பாடம். மேசையோரம் நின்ற சர்மிளா மிஸ் கண்ணாடியைக் கழற்றிவிட்டு மணிக்கூட்டைப் பார்த்தார்.

அப்போதுதான் நிரோஜா பிழை விட்டாள்.

எங்கள் கோயில் மேடைகளில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு பாட்டுக்கும் யாரோ ஒருவர் உபயம். பாட்டுத் தொடங்க முன்னர் அவர் பெயரையும் ஊரையும் ஒலிபெருக்கியில் சொல்லியே ஆக வேண்டும். சொல்லாவிட்டால் அடுத்த வருடம் அந்தக் கோயிலுக்குக் கூப்பிட மாட்டார்கள். இத்தனை வருடமாகச் சொல்லிப் பழகிய வாய். பயத்தில் அவள் மைக்கைப் பிடித்து, “அடுத்து வருகின்ற பாடலுக்கு உபயம்...” என்று தொடங்கிவிட்டாள். கொழும்புக்காரரின் மேடையில் உபயகாரருக்கு எங்கே போவது? வாய் திறந்தபடி நின்றாள். சனம் சிரித்தது. றிஸ்வான் ட்ரம்ஸ் தடிகளை மடியில் வைத்துவிட்டான்.

அவள் இறங்கி ஓடிவிடுவாள் என்றுதான் நினைத்தேன். அவளும் சிரித்தாள். “சரி, பிடிபட்டுப் போனன். முரசுமோட்டைப் பழக்கம். உபயம் ஆர்? உங்களில ஆற்ற ஊரில பஸ் நிக்கிறேல்லை?”

ஒரு பொடியன் கத்தினான்: “நெடுங்கேணி!”

“நெடுங்கேணி உபயம்,” என்றாள். றிஸ்வான் நாலு அடி அடித்தான். பாட்டுத் தொடங்கியது.

“கை காட்டினன், பஸ் நிக்கேல்லை...” அங்கே நிறுத்தி, “எங்க?” என்று கேட்டாள். “நெடுங்கேணி!” என்று அந்தப் பொடியனும் கூட்டாளிகளும். அடுத்த சுற்றில் இடப்பக்கத்திலிருந்து “செட்டிகுளம்!” அதற்கடுத்து “புளியங்குளம்!” “கனகராயன்குளம்!” ஒரு மைக்கை நீள வயரில் மாட்டிச் சனத்துக்குள் விட்டேன். அந்த யோசனை என்னுடையது, இதை யாரும் மறுக்க முடியாது. மைக் கைமாறிக் கைமாறிப் போனது. ஒரு வயதான அம்மா அதை வாங்கி, “எங்கட ஒழுங்கைக்கு ஓட்டோவே வாறேல்லை பிள்ளை,” என்றார். மைதானம் விழுந்து சிரித்தது. ஓரத்தில் நின்ற இரண்டு சிங்களப் பொடியள் “மதவாச்சி!” என்றார்கள். அவள் அதையும் பாட்டில் சேர்த்தாள்.

ஐஸ்கிறீம் வண்டிக்குப் போனவர்கள் கையில் ஐஸ்கிறீம் உருக உருகத் திரும்பி வந்தார்கள். ஐஸ்கிறீம்காரனும் வண்டியை உருட்டிக்கொண்டு பின்னால் வந்தான். ஒரே பாட்டுப் பதினைந்து நிமிடம் போனது. மிச்சம் இருந்த நான்கு பாட்டுகளையும் யாரும் முன்னர் கேட்டதில்லை. ஆனாலும் இரண்டாம் தரம் பல்லவி வரும்போது சனம் சேர்ந்து பாடியது. படப் பாட்டு என்று பிறகு ஒருவரும் வாய் திறக்கவில்லை.

மேடைக்குப் பின்னால் சர்மிளா மிஸ் வந்தார். “உபயம் கேக்கிறதைக் கொழும்பிலும் செய்ய வேணும். முன்னமே யோசிச்சு வைச்சனீங்களா?”

நிரோஜா என்னைப் பார்த்தாள். “இல்லை மிஸ், பிழையா வந்தது.”

“ரயில் காலையில. மூண்டு பேருக்கும் ரிக்கெற் போடச் சொல்லிட்டன்.”

கஜன் நிலத்தில் குந்தி அழுதான். றிஸ்வான் அவனுடைய முதுகில் தாளம் போட்டான். நிரோஜா தாய்க்குப் போன் எடுத்து ஒரே ஒரு வசனம் சொன்னாள்: “அம்மா, திங்கட்கிழமை வரமாட்டனெண்டு காமென்ற்றுக்குச் சொல்லிவிடுங்கோ.”

ஞாயிறு காலை வவுனியா நிலையத்தில் அவர்களை ஏற்றிவிட்டேன். பெட்டிக்குள் ஏற முதல் நிரோஜா, “நீங்களும் வாங்கோவன் ஐயா,” என்றாள். “கொழும்பில ஸ்பீக்கர் இல்லையோ? என்ர லொறியை ஆர் பாக்கிறது?” என்றேன். றிஸ்வான் யன்னலால் கையை நீட்டி என் தொப்பியை எடுத்துத் தன் தலையில் போட்டுக்கொண்டு போய்விட்டான். முந்நூற்றைம்பது ரூபாய்த் தொப்பி. போகட்டும்.

திரும்பும் பாதை அதே ஏ ஒன்பதுதான். முன் இருக்கை வெறுமையாக இருந்ததால் லொறி ஒரு பக்கமாக இழுப்பது போலிருந்தது. வவுனியாவையும் எங்கள் ஊரையும் ஒப்பிடச் சொன்னால், அங்கே சனம் அதிகம், இங்கே காது அதிகம். நேற்று வரை அந்தக் காதுக்கு இந்தப் பாட்டு இரைச்சல்; இன்றைக்கோ வவுனியாச் செய்தி என் லொறிக்கு முன்னரே அதற்குள் போய்விட்டிருந்தது. வீட்டுப் படலைக் கதவடியில் பக்கத்து ஒழுங்கைச் செல்லத்துரை காத்துக்கொண்டு நின்றார். அவர் மகளுக்கு அடுத்த மாதம் சாமத்தியச் சடங்கு, பூப்பு நீராட்டு விழா.

“அண்ணை, ஸ்பீக்கர் ஸெற் வேணும். அதோட அந்த நாலாம் கட்டைப் பிள்ளையளையும் பிடிச்சுத் தரவேணும். நீங்கள் சொன்னால் வருவினம்தானே?”

பழுதடைந்த அம்பிளிபயரை நள்ளிரவில் திருத்தித் தருவாயா, வெள்ளத்துக்குள் ஜெனரேற்றர் கொண்டு வருவாயா என்று இந்த ஊர் என்னிடம் கேட்டிருக்கிறது. எல்லாவற்றுக்கும் ஓம் என்றுதான் சொல்லியிருக்கிறேன்.

“ஸ்பீக்கர் தாறன்,” என்றேன். “பிள்ளையளைத் தர என்னால ஏலாது செல்லத்துரை. அவையைப் பிடிக்கிறதெண்டால் இனிக் கொழும்பைக் கேக்கவேணும்.”

என் வாழ்க்கையில் ஏலாது என்று நான் சொன்னது அதுதான் முதல் தடவை. இன்னொரு முறை சொல்லிப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது.