இரட்டை லென்ஸ் கேமராவும் அப்பாவின் இடது கண்ணும்

அப்பா விநாசித்தம்பி போன மாதம் இறந்தார். நில அளவைத் துறையில் வரைபடம் வரைந்தவர். வீட்டுக்கு வந்தவர்கள் அவரை அமைதியானவர் என்றார்கள். பயந்தவர் என்பதே சரி. அந்தப் பயத்தை நான் மிக அருகில் பார்த்தது எண்பத்து நான்கில், பினாங்கில் குயின் ஸ்ட்ரீட் பக்கத்தில் ஒரு பழைய கேமரா கடையில்.

விமானத்திலிருந்து எடுத்த இரண்டு படங்களை அருகருகே வைத்து, இரு கண் கருவி வழியாகப் பார்ப்பது அவர் வேலை. இடது கண்ணுக்கு ஒரு படம், வலது கண்ணுக்கு ஒரு படம். இரண்டும் சேர்ந்ததும் மலை மேலெழும், பள்ளம் கீழிறங்கும். அதைப் பார்த்து உயரக் கோடுகள் போடுவார். ஒரு கண் போனால் மலை வெறும் காகிதம்.

அதே முறையில் படம் பிடிக்கும் இரட்டை லென்ஸ் கேமரா ஒன்று வாங்க வேண்டும் என்று வெகுநாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு சனிக்கிழமை திடீரென்று, "வா பிள்ளை, போய் எடுத்திட்டு வருவம்" என்றார். நான் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் சிப்புகளை நுண்ணோக்கியில் சோதிப்பவள். துணைக்கு அழைக்கிறார் என்று நினைத்தேன்.

கடைக்காரர் காஜா மொய்தீன் கண்ணாடி மேசையில் இரண்டை வைத்தார். ஒன்று போருக்கு முந்திய ஜெர்மன் கேமரா, கனமான உலோகம். மற்றது ரஷ்யக் கேமரா, கறுப்பு பேக்கலைட். இரண்டிலும் அகல ஃபிலிம் சுருள்தான் ஓடும். அப்பா எப்போதும் எதையும் தானே சோதிப்பார். அன்று என்னிடம் தள்ளினார். ஜெர்மன் கேமராவை வெளிச்சத்தில் பிடித்தேன். இரண்டு ஷட்டரும் ஒன்றாகத் திறந்தன. ஆனால் ஒரு லென்ஸுக்குள் சிலந்தி வலைபோலப் பூஞ்சை. பினாங்கு ஈரம்.

"ஒரு பக்கம் மங்கல்," என்றேன்.

"அதுக்கென்ன தங்கச்சி, இன்னொரு பக்கம் பாத்துக்கும் லா," என்றார் காஜா மொய்தீன். "பாசார்ல மீன் விக்கிறவன் ஒத்தக் கண்ணுலதான் தராசு பாக்குறான். ஏமாறுறது நம்மதான்!"

நான் சிரித்தேன். அப்பா சிரிக்கவில்லை.

"சரி, ரஷ்யாக்காரனைப் பாருங்கண்ணே. படகுத்துறையில நானே புடிச்ச படம்." இணைப் படங்களை இரு கண்ணாலும் பார்க்கும் ஒரு பார்வைப் பெட்டியை நீட்டினார்.

அப்பா வெகுநேரம் பார்த்தார். "நல்ல ஆழம், தம்பி. படகெல்லாம் முன்னுக்கு நிக்குது."

பெட்டியை வாங்கி நான் பார்த்தேன். வானம் வெட்டிய துணிபோல முன்னால் வந்து தொங்கியது. படகு அதற்குப் பின்னால், துளைபோல உள்ளே போயிருந்தது. இந்தக் கேமராவில் எடுத்த இணைப் படங்களை வெட்டி, இடம் வலம் மாற்றிப் பொருத்த வேண்டும். காஜா மொய்தீன் மாற்றவில்லை. அதனால் அருகில் இருப்பது தொலைவாகியிருந்தது. இரண்டு கண்ணும் உள்ள எவருக்கும் அது உறுத்தும். வாழ்நாளெல்லாம் இதையே பார்த்தவருக்கு ஒரு நொடி போதும். எந்தக் கண் என்றுதான் தெரியவில்லை.

"அப்பா, வலது கண்ணை மூடுங்க."

"என்ன விளையாட்டு? கடைக்காரர் பாக்கிறார்."

"மூடுங்கப்பா."

மூடினார். எதிர்க் கடையின் பெயர்ப் பலகையைப் படிக்கச் சொன்னேன். அவர் கை மேசை விளிம்பைத் தேடிப் பிடித்தது.

"திரை மாதிரி ஒண்டு கீழயிருந்து ஏறுது, பிள்ளை. போன கிழமை பாதி. இப்ப எல்லாம் மூடிட்டுது." வலது கண்ணைத் திறந்தார். "ஒஃபிஸ் கருவி பழசு, அதான் தட்டையாத் தெரியுது எண்டு நினைச்சன். வேற பெட்டியில பாத்தா ஆழம் வரும் எண்டு வந்தனான்."

காஜா மொய்தீன் கடையைப் பாதி சாத்திவிட்டு டாக்சி பிடிக்க ஓடினார்.

விழித்திரை கழன்றுவிட்டது, பிந்தி வந்திருக்கிறீர்கள் என்றார் மருத்துவர். அறுவைக்குப் பின் இரண்டு கண்ணையும் கட்டி, அசையாமல் படுக்க வைத்தார்கள். அந்த இருட்டில் அப்பா என் மணிக்கட்டை விடவே இல்லை.

"போன கிழமை மலைத் தாள் வரைஞ்சனான்," என்றார். "மேடு பள்ளம் ஒண்டும் தெரியேல்ல. பழக்கத்தில கோடு போட்டிட்டன். அந்தச் சரிவில வீடு கட்டப் போறாங்கள். ஒஃபிஸுக்குச் சொல்லு."

"வேலை போயிடும்பா."

"தெரியும். சொல்லு."

பயந்துகொண்டுதான் சொன்னார். நான் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் சொன்னேன்.

அவருடன் வேலை செய்யும் ரொஸ்னா மாலையில் வந்தாள். மலாய்க்காரப் பெண், அப்பாவிடம் தொழில் பழகியவள். கட்டிலருகே குனிந்து மலாயில் சொன்னாள்: தாளில் சரிவு தவறு, பள்ளம் இருக்கும் இடத்தில் மேடு.

"சுடா சேத்தாக்?" அச்சாகிவிட்டதா என்று கேட்டார்.

"பெலும், பா சிக். பெலும்." இன்னும் இல்லை, மாமா, என்றாள்.

கட்டுத் துணி நனைவதைக் கண்டு தாதி ஓடிவந்தாள். "ஏன்யா, கண்ணு ஆப்பரேஷன் பண்ணிட்டு அழுவாங்களா? யாரு இவரை அழ வச்சது?" என்று எங்கள் இருவரையும் வெளியே விரட்டினாள்.

அந்தக் கண்ணில் வெளிச்சம் மட்டும் மீண்டது. கேமரா வாங்கவில்லை. அவரை வேலையிலிருந்து எடுக்கவில்லை, வேலையை மாற்றினார்கள்: மற்றவர்கள் வரைந்த மலைகளுக்குப் பெயர் எழுதுவது. ஓய்வு பெறும்வரை எழுதினார். ஒவ்வொரு தாளையும் கொடுக்கும் முன், எழுத்து கோட்டின் மேல் ஏறவில்லையே என்று ரொஸ்னாவிடம் கேட்பாராம்.